காட்டுக் கத்தலும் கொஞ்சம் அமைதியும்

கதவைச் சாத்தினாலும் என் மகன் அறைச் சத்தம் கூடம் வரை வரும். "வீட்டில் மாவு மில் வைத்திருக்கிறீர்களா?" என்று கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். கல்லூரியில் சேர்ந்தபின் மகன் எங்களோடு பேசுவதே குறைவு. தமிழில் பேசுவது அதைவிடக் குறைவு. பேச்சு எழுந்தால் அது இந்தச் சத்தத்தைப் பற்றிய சண்டையாகத்தான் இருக்கும்.

"ஒரு தடவை முழுசாக் கேளுங்கப்பா, அப்புறம் திட்டுங்க" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

அவன் போட்டது 'ப்ளட் இன்கேன்டேஷன்' குழுவின் 'அப்சொல்யூட் எல்ஸ்வேர்'. 2024 அக்டோபரில் வெளிவந்த ஆல்பம். அமெரிக்காவில் டென்வர் நகரைச் சேர்ந்த நால்வர். வாசிப்பது 'டெத் மெட்டல்' என்னும் வகை. ரத்தமும் மந்திரமும் கலந்த பெயரைக் கேட்டதும் என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

மொத்தம் இரண்டே உருப்படிகள். ஒவ்வொன்றும் இருபது நிமிடங்களுக்கு மேல், மூன்று மூன்று பகுதிகளாக. ராகம் தானம் பல்லவிக்குச் சாவகாசமாக உட்காரும் நமக்கு இந்த நீளம் புதிதல்ல. பாடகரின் உறுமல்தான் பயமுறுத்தியது. அது வெறும் கத்தல் இல்லையாம். குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைத்து எழுப்புவது. பழகாமல் செய்தால் தொண்டை கெட்டுவிடும். டிரம்ஸ்காரரின் கையும் காலும் போட்டி போட்ட வேகத்தில் என் தாளம் போடும் விரல்கள் தோற்றுப்போயின.

திடீரென்று எல்லாம் அடங்கியது. சின்தசைசரின் நாதம் மட்டும் மெல்லப் பரவியது. 1967-இல் பெர்லினில் தோன்றிய 'டேஞ்சரின் ட்ரீம்' குழுவின் தோர்ஸ்டன் க்வேஷ்னிங் இதில் வாசித்திருக்கிறார். ஒலிப்பதிவும் பெர்லினில், ஹன்ஸா ஸ்டூடியோவில். டேவிட் போவி 1977-இல் 'ஹீரோஸ்' பதிவு செய்த அதே இடம். 2022-இல் இவர்கள் உறுமலே இல்லாமல், சின்தசைசரை நம்பி 'டைம்வேவ் ஸீரோ' என்று ஓர் ஆல்பம் போட்டார்களாம். இப்போது இரண்டையும் ஒரே பாட்டில் சேர்த்துவிட்டார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா நினைவு வந்தது. 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை ஆசையாக வாங்கிப் போட்டேன். "இது கர்நாடகமும் இல்லை, மேல்நாட்டு சங்கீதமும் இல்லை" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எந்தப் பாட்டும் கேட்டதில்லை. இன்று அவர் இல்லை.

உறுமல் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. மகனிடம் அப்படியே சொன்னேன். ஆனால் நடுவே வரும் அமைதி பிடித்திருந்தது; அதையும் சொன்னேன். "அந்த இடம் எனக்கும் பிடிக்கும்பா" என்றான். அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், தமிழில்தான்.

அடுத்த ஞாயிறு என் முறை. பழைய கேசட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். எழுந்து போகாமல் கேட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.