காசநோயும் நுரையீரலின் முதல் காவலும்

காசநோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமி இன்னொருவரின் நுரையீரலுக்குள் போனதும், அதை முதலில் எதிர்கொள்வது பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றல்தான். காற்று நுண்ணறைகளில் இருக்கும் பெருவிழுங்கிச் செல்கள் கிருமியை ஒரு பைக்குள் இழுத்து, அமிலமும் நொதிகளும் சேர்த்துச் செரிக்கப் பார்க்கின்றன. பெரும்பாலான கிருமிகள் அத்தோடு ஒழிந்துபோகும். மெழுகுபோன்ற மேலுறை கொண்ட காசநோய்க் கிருமி அப்படியல்ல. பை அமிலமாவதைத் தடுத்து, தன்னைக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது.

உதவிக்கு ஓடிவரும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. அவை அளவு மீறிக் குவிந்தால் நுரையீரல் திசுவே சிதைகிறது. டென்ட்ரிட்டிக் செல்கள் கிருமியின் துணுக்குகளை நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோய் டி செல்களை எழுப்ப வேண்டும். இந்தத் தகவல் போய்ச் சேர்வதையும் கிருமி தாமதப்படுத்துகிறது. டி செல்கள் விழித்தால்தான் தோல் பரிசோதனையில் தொற்று தெரியும்; அதற்கு 2 முதல் 8 வாரம் ஆவது இதனால்தான். அதுவரை முதல் காவலே தனித்து நிற்கிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும் சிலருக்குப் பரிசோதனையில் தொற்றே தெரிவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினரிடம் முதல் காவலே கிருமியை ஒழித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அந்தக் காவலின் வலு, வாழும் சூழலையும் பொறுத்தது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்களை நினைத்துப் பார்க்கலாம். இத்தகைய ஊர்களில் வீட்டுக்குள் சூழும் விறகடுப்புப் புகை பெருவிழுங்கிகளின் திறனைக் குறைக்கும். ஊட்டக்குறை எதிர்ப்பாற்றல் முழுவதையும் தளர்த்தும். பெருவிழுங்கிகள் கிருமிக்கொல்லிப் புரதமான கேத்தலிசிடினைச் சுரக்க வைட்டமின் டி வேண்டும் என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இதில் முக்கியமானது. நோயாளிகளின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை கொடுத்ததும் அவர்களிடையே புதிய காசநோய் 39 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இதில் முதல் காவலின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மருந்தோடு சோறும் தேவை என்பதில் இனி வாதமில்லை. 2022இல் தொடங்கிய தமிழகத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டமும் கடும் ஊட்டக்குறையுள்ள நோயாளிகளைத் தனியே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறது.

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சளிப் பரிசோதனை இலவசம். நோய் உறுதியானால் வீட்டிலுள்ள குழந்தைகளையும் பரிசோதிக்கக் கூட்டிச் செல்லுங்கள்.