சிக்னல் எட்டாத வகுப்பறை
(ஆபத்து நேரத்துப் பள்ளிகள் – 7)

சென்ற வாரம் புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியைப் பார்த்தோம். 2018 பிப்ரவரி 14 அன்று 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளி அது. கைபேசியில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தவர்களின் குரல், அந்த ஊரின் காவலைக் கவனித்த பிரவர்ட் ஷெரீப் அலுவலகத்துக்கு நேராகப் போகவில்லை. பக்கத்து ஊரான கோரல் ஸ்பிரிங்ஸுக்குப் போய், அங்கிருந்து மாற்றிவிடப்பட்டது. அன்று இறந்த 14 வயது மாணவி அலிசா அல்ஹாடெஃபின் பெயரில் 2019-ல் நியூஜெர்சியும் 2020-ல் புளோரிடாவும் சட்டம் கொண்டுவந்தன. அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கைபேசி வழியே அபாய அழைப்பு விடுக்கும் வசதி வேண்டும் என்றது புளோரிடா.

அப்படி ஒரு வசதி ஏற்கெனவே இருந்த பள்ளியில் என்ன நடந்தது? டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி, மெக்சிகோ எல்லைக்கு அருகில் இருக்கும் சிற்றூர். அங்குள்ள ராப் தொடக்கப் பள்ளியில் ராப்டர் என்ற செயலி இருந்தது. அதில் எச்சரிக்கை விடுத்தால் ஊழியர்கள் அனைவருக்கும் செய்தி போகும். 2022 மே 24, காலை 11:33-க்குத் துப்பாக்கியோடு ஒருவன் கட்டடத்துக்குள் நுழைந்தான். பள்ளி முதல்வர் செயலியைத் திறந்தார். வை-ஃபை சரியாக எடுக்கவில்லை. எச்சரிக்கை அனுப்புவதற்குள் திணற வேண்டியிருந்தது. போன செய்தியும் எல்லா ஆசிரியர்களையும் எட்டவில்லை. சிலர் கையில் கைபேசி இல்லை. சில அறைகளில் சிக்னல் இல்லை. வகுப்புகளுக்கெல்லாம் கேட்கும் ஒலிபெருக்கி பள்ளியில் இருந்தது. அதில் யாரும் அறிவிக்கவில்லை.

முதல்வர்மீது மட்டும் பழியைப் போட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. அந்த ஊரின் அன்றாடம் அப்படி இருந்தது. எல்லை தாண்டி ஆட்களைக் கடத்தி வரும் வண்டிகளைக் காவலர்கள் துரத்துவார்கள். வண்டி எங்காவது மோதி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி ஓடுவார்கள். ‘பெயில்அவுட்’ என்பார்கள். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கு எச்சரிக்கை வரும். டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கைப்படி, அந்த ஆண்டு பிப்ரவரி இறுதி முதல் மே வரை ஏறத்தாழ 47 எச்சரிக்கைகள். பத்தில் ஒன்பது பெயில்அவுட்தான். மூன்றே மாதத்தில் இத்தனை முறை கதவைச் சாத்தி, எதுவும் நடக்காமல் திறந்த ஆசிரியர்கள், அடுத்த எச்சரிக்கையை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஓடிப்போகும் பயணிக்கும் துப்பாக்கிக்காரனுக்கும் வெவ்வேறு எச்சரிக்கை வேண்டும் என்று யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும். என் பார்வையில், வை-ஃபையைவிடப் பெரிய குறை இதுதான்.

சுடப்பட்ட வகுப்பறைகளில் ஒன்றான 111-ஆம் அறையின் கதவுப் பூட்டு சரியில்லை என்பதும் பள்ளியில் தெரிந்த விஷயமே. சுடப்பட்ட வகுப்பறைக்குள்ளிருந்து 12:03 முதல் ஒரு குழந்தை கைபேசியில் 911-ஐ அழைத்துக்கொண்டிருந்தாள். காவலர்கள் கதவைத் திறந்து நுழைந்தது 12:50-க்கு. இறந்தவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். அன்று அங்கு வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். உதவி கேட்ட கைபேசி வேலை செய்தது. அழைப்பைக் கேட்டவர்கள் வேலை செய்யவில்லை.

2024 செப்டம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூடு நடந்த ஜார்ஜியாவின் அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலேயே அபாயப் பொத்தான் இருந்தது. கைபேசியைத் தேட வேண்டாம், செயலியைத் திறக்க வேண்டாம். அட்டைகள் கைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் ஆசிரியர்கள் அழுத்தினார்கள். சில நிமிடங்களில் சுட்டவன் பிடிபட்டான். அதற்குள் நான்கு பேர் இறந்திருந்தார்கள். பொத்தான் குண்டைத் தடுக்காது; அடுத்த வகுப்பறை கதவைப் பூட்டிக்கொள்ள நேரம் தரும்.

2023-ல் டெக்சாஸும் அலிசா சட்டத்தை நிறைவேற்றியது. 2025-26 கல்வியாண்டு முதல் ஒவ்வொரு வகுப்பறையிலும் அபாய அழைப்பு வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த வசதியை, கடைசி அறை உட்பட ஒவ்வொரு வகுப்பறையிலும் நின்று அழுத்திப் பார்த்த பிறகே அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும்.

(தொடரும்)