மதுரையில் உண்ணும் இடம் தேர்தல்

சுற்றுலாவுக்குச் சென்று திரும்பிய மாணவர்களை நோக்கி, "என்ன கண்டீர்கள்?" என்று வினவினால், பாதிப்பேர் கோயிலையும் கோபுரத்தையும் பற்றிச் சொல்வார்கள், மற்றப் பாதிப்பேர் அங்கே உண்ட உணவைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டாம் வகையினரை நாம் குறைவாக எண்ண வேண்டுவதில்லை. ஓர் ஊரைக் கண்ணால் அறிவது ஒரு பாதி அறிவே. நாவால் அறிவது மற்றொரு பாதி. ஆனால் கோயிலைக் காண்பதற்கு வழிகாட்டி நூல் தேடும் நாம், உண்ணும் இடத்தைத் தேர்வதற்கு யாதொரு முறையும் கொள்வதில்லை. பசித்த வேளையில் எதிர்ப்பட்ட கடைக்குள் நுழைந்துவிடுகிறோம். அதனால் சில சமயம் பணம் போகிறது. சில சமயம் உடல்நலம் போகிறது. சில சமயம், இவற்றினும் பெரிதான தோழமையே போய்விடுகிறது. ஆதலின் இதனையும் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

பெரணமல்லூரில் வாழும் எங்களுக்கு ஊருக்குள் இந்த ஆராய்ச்சி தேவையில்லை. எந்தக் கடையில் மாவு புளித்திருக்கும், எந்தக் கடையில் சாம்பார் காலையிலேயே தீர்ந்துவிடும் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். கடைக்காரர் நம்மை அறிவார். நாம் அவரை அறிவோம். அந்த அறிமுகமே அவருடைய நேர்மைக்குக் காவல். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு பெருநகரில் அந்தக் காவல் இல்லை. அங்கே நம்முடைய கண்ணும் மூக்கும் அறிவுமே துணை.

எடுத்துக்காட்டாக மதுரையைக் கொள்வோம். உணவுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் அதற்கு ஈடானவை தமிழகத்தில் சிலவே. இப்பெருமை நேற்று வந்ததன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகரில் பகற்கடைத் தெருவும் இரவுக்கடைத் தெருவும் தனித்தனியே விளங்கியதைக் கூறுகிறது. அந்த இரவுக் கடைகளில் அடையும் மோதகமும் விற்றவர்களை மாங்குடி மருதனார் மறவாமல் பாடியிருக்கிறார். இன்று மதுரையைத் 'தூங்கா நகரம்' என்று அழைக்கிறோம். நள்ளிரவில் ஆவி பறக்கும் இட்டலிக் கொப்பரையைக் கண்டவர்கள், அப்பெயருக்கு எவ்வளவு பழைய வேர் உண்டு என்பதை உணர்வார்கள்.

ஒரு நகரத்தின் உணவு எவ்வாறு பெருமை பெறுகிறது? பெரும்பாலும் பல திசைகளிலிருந்து வந்த மக்கள் ஒரே ஊரில் அடுப்பு மூட்டுவதால்தான். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் லூயிசியானா என்றொரு மாநிலம் உண்டு. கனடாவின் கீழைக் கடற்கரையில் வாழ்ந்த பிரெஞ்சு மொழிக் குடிகளை 1755 முதல் ஆங்கிலேயர் நாடு கடத்தினர். அவர்களுட் பலர் பின்னர் லூயிசியானாவின் சதுப்பு நிலங்களிற் குடியேறினர். அவர்களுடைய சமையலே 'கேஜன்' உணவு என வழங்குகிறது. அங்கே 'கம்போ' என்னும் குழம்பு மிகவும் பெயர்பெற்றது. அதனைச் சோற்றில் ஊற்றி உண்பர். அப்பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லொன்றின் வழி வந்தது. நாட்டை இழந்த பிரெஞ்சுக் குடியும், அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் ஒரே பானையில் தம் கைவண்ணத்தைக் கலந்தனர். நம் வீட்டு வெண்டைக்காய்க் குழம்புக்கு அங்கே ஓர் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறது என்று சொல்லலாம்.

மதுரையின் கதையும் இத்தகையதே. நாயக்கர் காலத்தில் பட்டு நெசவில் வல்ல சௌராட்டிரர் அந்நகரில் பெருகி வாழ்ந்தனர். ஆரணியிலும் அம்மரபினர் உண்டு. ஆதலின் நம் பகுதி மாணவர்களுக்கு அவர்கள் அயலார் அல்லர். அவர்கள் வாழும் தெருக்களில் மாலை வேளையில் முள்முருங்கைக் கீரையை அரிசி மாவுடன் சேர்த்துத் தட்டிச் சுடும் பச்சை நிறப் பண்டத்தைக் காணலாம். 'ஜிகர்தண்டா' என்னும் பானத்தின் பெயர் உருது வழக்கு. நெஞ்சைக் குளிர்விப்பது என்பது அதன் கருத்து. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரிச் சாறு, பனிக்கூழ் ஆகியவை அதில் சேரும். கரிசல் நிலத்துப் பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, வெல்லமோ கருப்பட்டியோ சுக்கோடு சேர்த்துக் காய்ச்சுவது பருத்திப்பால். தடித்த தோசையின்மேல் முட்டையும் கொத்திய ஆட்டுக்கறியும் பரப்பி வேகவிடுவது கறிதோசை. நெசவாளரும் உழவரும் வணிகரும் தத்தம் பங்கைத் தந்தே மதுரையின் இலை நிறைந்திருக்கிறது.

இனித் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவது, பெயர்ப்பலகையை மட்டும் நம்பலாகாது. 'முனியாண்டி விலாஸ்' என்னும் பெயரைத் தமிழகமெங்கும் காண்கிறோம். மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி என்னும் சிற்றூரின் காவல் தெய்வம் முனியாண்டி. அவ்வூரார் 1930-களிலிருந்து வெளியூர்களுக்குச் சென்று, தம் தெய்வத்தின் பெயரால் அசைவ உணவகங்களை நடத்தலாயினர். ஆண்டுதோறும் தை மாதத்தில் உரிமையாளர் பலர் அங்கே கூடி விழா எடுத்து, பிரியாணியைப் பிரசாதமாக வழங்குகின்றனர். எனினும் இக்கடைகள் யாவும் ஒரே முதலாளியின் கிளைகள் அல்ல. பெயர் ஒன்று; கைகள் பல. ஒரு கடையில் நன்றாக உண்டதனால் அதே பெயருள்ள மறுகடையும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வது பிழையாகும். ஒவ்வோர் அடுப்பையும் தனித்தே மதிப்பிடல் வேண்டும்.

இரண்டாவது, நேரமும் இடமும் அறிதல். மதுரையின் பழைய நகர் கோயிலை நடுவாக வைத்து அமைந்தது. ஆடி வீதிகள், சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் என்று அவை ஒன்றை ஒன்று சூழ்ந்திருக்கின்றன. இந்த அமைப்பை ஒரு தாளில் வரைந்துகொண்டு சென்றால் வழி தவறாது. மேலை வீதிகளின் பக்கம் இரயில் நிலையமும் தங்கும் விடுதிகளும் இருப்பதால் அங்கே உணவகங்கள் மிகுதி. வட மாவட்டங்களிலிருந்து செல்லும் பேருந்துகள் நிற்கும் மாட்டுத்தாவணி, கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இறங்கியவுடன் பசியோடு அலையாமல், எந்த வேளைக்கு எந்தப் பகுதியில் இருப்போம் என்பதை முன்னரே குறித்துக்கொள்க. கோயில் நடை நண்பகலில் சாத்தப்பெறும். ஆகவே அதற்குமுன் வழிபாட்டை முடித்து, பின் சாப்பாட்டுக்குச் செல்வது பொருந்தும். இட்டலி, பொங்கல் காலைக்கு, சோறு பகலுக்கு, பரோட்டாவும் கறிதோசையும் மாலைக்குப் பின்னர். ஒரு கடை எந்தப் பண்டத்துக்குப் பெயர்பெற்றதோ அதனை, அது சூடாக ஆகும் வேளையில் உண்பதே அறிவுடைமை.

மூன்றாவது, தூய்மை. பட்டுப்புடவையின் தரமறிய விரும்புவோர் முகப்பை மட்டும் பார்ப்பதில்லை; துணியைத் திருப்பிப் பின்புறத்து இழைகளையும் பார்க்கிறார்கள். உணவகத்தையும் அவ்வாறே பின்புறம் பார்த்தல் வேண்டும். முகப்பில் பளிங்கும் விளக்கும் இருக்கலாம். பாத்திரம் கழுவும் இடம் எவ்வாறுள்ளது? குடிநீர்ப் பானை மூடியிருக்கிறதா? பரிமாறுவோரின் கைந்நகம் எப்படியிருக்கிறது? இவையே மெய்யான சான்றுகள்.

இதற்குரிய அறிவியலையும் தெரிந்துகொள்ளுங்கள். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். ஆதலின் உணவு நன்கு சூடாகவோ நன்கு குளிர்ந்தோ இருத்தல் வேண்டும். வெதுவெதுப்பான உணவே ஆபத்தானது. இட்டலி கொதிநீராவியில் வேகிறது. தட்டிலிருந்து நேரே இலைக்கு வந்தால் அதனினும் பாதுகாப்பான உணவு அரிது. ஆனால் உடன் வரும் தேங்காய்ச் சட்டினி பச்சைநீர் சேர்த்து அரைக்கப்படுவது, நேரமானால் கெடும். ஆறிய சோற்றை நெடுநேரம் வெளியில் வைத்தால் அதில் தோன்றும் ஒருவகை நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. பனிக்கட்டி கிருமிகளைக் கொல்வதில்லை; உறங்க வைக்கிறது, அவ்வளவே. எனவே ஜிகர்தண்டா அருந்துமுன், அதிற் சேரும் பனிக்கட்டி எந்த நீரால் ஆனது என்று கேட்பது நாகரிகக் குறைவன்று. மக்கள் ஓயாமல் வந்துபோகும் கடையில் உணவு தேங்குவதில்லை. அது ஒரு நல்ல அடையாளம். ஆனால் கூட்டம் ஒன்றே தூய்மைக்குச் சான்றாகாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இல் இயற்றப்பெற்றது. உணவகங்கள் அதன்படி பெற்ற 14 இலக்க எண்ணை யாவரும் காணுமாறு வைக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் அதனைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். அச்சிட்ட செய்தித்தாளில் எண்ணெய்ப் பண்டத்தை மடித்துத் தந்தால் மறுத்துவிடுங்கள். மை உணவில் ஏறும். வாழையிலை இருக்குமிடத்தில் இத்தொல்லை இல்லை.

நான்காவது, பணம். ஒரு பேச்சுக்கு, 40 மாணவர்கள், நாளொன்றுக்கு ஒருவருக்கு 200 ரூபாய் என்று கொள்வோம். இரண்டு நாளைக்கு 16,000 ரூபாய் ஆகும். அதில் பத்தில் ஒரு பங்காகிய 1,600 ரூபாயை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கி, எஞ்சியதை ஆறு வேளைக்குப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடைக்குள் அமர்வதற்கு முன்பே விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டும். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

இங்கே நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. என் ஆசிரியப் பணியில் எத்தனையோ சுற்றுலாக்களில், உணவகத்தின் வாயிலில் ஒரு மாணவன் பின்தங்கி நின்று, "எனக்குப் பசியில்லை, ஐயா" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையிலிருந்து நம்மோடு நடந்த பிள்ளைக்குப் பசி இல்லாமல் இருக்குமா? பசியில்லாதது வயிற்றிலன்று, சட்டைப்பையில். அத்தகைய மாணவனுக்கு யாரேனும் இரங்கி வாங்கித் தந்தால், அந்தச் சோறு அவன் தொண்டையில் இறங்காது. ஆகவே உணவுச் செலவைப் புறப்படுமுன்னரே பொதுப்பணத்தில் சேர்த்துவிட வேண்டும். இயலாதவர் பங்கைப் பள்ளியோ பெரியோரோ ஏற்பது பிறர் அறியாமல் நடைபெற வேண்டும். எல்லார் இலையிலும் ஒரே உணவு விழ வேண்டும். குழுவில் மிகக் குறைந்த வசதியுடையவன் கூச்சமின்றி உண்ணக்கூடிய கடை எதுவோ, அதுவே குழுவுக்கு ஏற்ற கடை. சைவ உணவினரும் அசைவ உணவினரும் கலந்த குழுவாயின், இருவகையும் அருகருகே கிடைக்கும் தெருவைத் தேர்ந்துகொள்க.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரனுக்கு அமுதசுரபி கிடைத்த இடம் மதுரையே. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரம் கற்பனையாயினும், அதனைத் தோற்றுவித்த எண்ணம் மெய்யானது. தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கப்பெற்றது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஐந்தாவதும் முடிவானதும் மனிதரை மதித்தல். ஒரு காலத்தில் நம் நாட்டு இரயில் நிலைய உணவகங்களிற்கூடச் சாதிக்கொரு பகுதி இருந்தது. தென்னிந்திய இரயில்வேயில் அவ்வழக்கம் பெருங்கிளர்ச்சிக்குப் பின் 1941-இல் நீங்கியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள், தடுக்கப்பட்டிருந்த மக்கள் வைத்தியநாத ஐயரின் தலைமையில் நுழைந்தது 1939 சூலை 8 அன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, மதம் முதலியவற்றால் எவரையும் தடுத்தல் ஆகாது என விதிக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை என்னும் இழிவழக்கு பின்னரும் தலைகாட்டியதுண்டு. வழியில் எங்கேனும் அதன் நிழலைக் கண்டாலும், எவ்வளவு சுவையான உணவாயினும், குழு முழுவதும் எழுந்து வெளியேறுதல் வேண்டும். ஒரு தோழனை அவமதிக்கும் இடத்தில் மற்றவர்க்குச் சோறு செரிக்கலாகாது.

மதிப்பு என்பது நம் பக்கமும் வேண்டும். இலை எடுப்பவரை ஒருமையில் அழையாதீர்கள். அவர் விடியுமுன் எழுந்தவர். உண்ண முடிந்ததை மட்டும் கேட்டு வாங்குங்கள். முன் உண்டது செரித்த பின்னரே மீண்டும் உண்க என்று வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். ஒரே நாளில் மதுரையின் எல்லாப் பண்டங்களையும் சுவைத்துவிட எண்ணுவோர் அந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பயணம் புறப்படுவது நலம்.

பெயரை ஆராய்தல், காலமும் இடமும் அறிதல், தூய்மை காணல், செலவைப் பொதுவாக்கல், மனிதரை மதித்தல் என்னும் இவ்வைந்தும் மதுரைக்கு மட்டும் உரியன அல்ல. ஆரணியில் பிரியாணி உண்ணும்போதும், கடல் கடந்து லூயிசியானாவில் கம்போ உண்ணும்போதும் இவையே அளவுகோல். அடுத்த சுற்றுலாவுக்கு உங்கள் பள்ளி ஆயத்தமாகும்போது, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலுக்குக் கீழே உண்ண வேண்டிய இடங்களின் பட்டியலையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும், வகுப்பில் மிகவும் கூச்சமுடைய மாணவன் எவனோ அவனை மனத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கடையின் பெயருக்கு எதிரேயும், "இங்கே அவன் நிறைய உண்பானா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்ற விடை கிடைக்கும் கடைகளை மட்டும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.