குளிர்நாட்டில் டீசல் கார்

அமீர்பேட்டில் டிசம்பர் மாத விடியற்காலையிலும் டீசல் கார் எளிதில் இயங்கிவிடும். அதே காரில் குளிர்காலத்தில் லடாக் செல்ல விரும்பும் வாடிக்கையாளர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது எரிபொருள். டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. கடுங்குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். இதன்பொருட்டே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கிற்கெனக் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. சுழியத்திற்குக் கீழ் 33 பாகை செல்சியஸ் வரை அது பாயும் தன்மையை இழக்காது. எனவே சமவெளியில் நிரப்பிய டீசல் பெரும்பாலும் தீர்ந்த நிலையில் அங்குச் சென்று, இரவு வண்டியை நிறுத்துமுன் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இயந்திரம். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிரில் அவ்வெப்பம் போதாது. ஆகவே சாவியைத் திருப்பியதும், சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருங்கள்; அதற்குள் குளோ பிளக் எரியறையைச் சூடாக்கிவிடும். இயங்கிய ஓரிரு நிமிடங்களில் மெதுவாக ஓட்டத் தொடங்கலாம். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிட்டால் எரிபொருள்தான் வீணாகும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிடுவதோ உயிருக்கே ஆபத்து.

வழக்கமான வாகனக் காப்பீடு இயந்திரப் பழுதுக்கு இழப்பீடு தருவதில்லை. பழுதுற்ற காருக்கும் கடன் தவணை உண்டு. சில நொடிப் பொறுமை பெருஞ்செலவைத் தவிர்க்கும்.