ரத்தம் திரும்பும்போது தசை ஏன் சிதைகிறது?

செஞ்சி வட்டாரத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கி ஒருவரின் கை துண்டானால், அதை மீண்டும் பொருத்தும் வசதியைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். சென்னை ஏறத்தாழ 150 கி.மீ. அந்தப் பயண நேரத்தில் தசைக்குள் நடப்பதை நமக்குத் தெரியவைத்ததில் ஆய்வுக்கூட எலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எப்படி ஆராய்கிறார்கள்?

மயக்க மருந்து கொடுத்து எலியின் பின்னங்காலை மாற்றிப் பொருத்துவார்கள். அல்லது காலுக்குப் போகும் ரத்தக் குழாயைச் சில மணி நேரம் அடைத்துவைத்துத் திறப்பார்கள். பிறகு தசையில் மாலோன்டைஆல்டிஹைடு எவ்வளவு என்று அளப்பார்கள். செல் சவ்வின் கொழுப்பு சிதையும்போது உண்டாகும் பொருள் அது. அளவு ஏறினால், ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும், அதாவது ஆக்ஸிஜனின் வினையால் செல்லுக்கு நேரும் சேதமும், ஏறியிருக்கிறது என்று பொருள்.

உயிர் காக்கும் ஆக்ஸிஜன் கெடுப்பது எப்படி?

ரத்தம் நின்றதும் தசை செல் தன் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துவிடுகிறது. அது சிதைந்து ஹைப்போசாந்தைன் தேங்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் குவிகிறது. ரத்தம் மீண்டும் பாயும்போது, அது கொண்டுவரும் ஆக்ஸிஜனால் தேங்கியவை திடீரென எரிக்கப்பட்டு, செல்லைக் கெடுக்கும் ஆக்ஸிஜன் வடிவமான சூப்பர்ஆக்சைடு பெருகுகிறது. அதை அடக்கும் நொதியை 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அடையாளம் கண்டார்கள். ஆனால் இந்த வெள்ளத்தை அந்த நொதியால் சமாளிக்க முடிவதில்லை. சக்சினேட்டின் பங்கு 2014இல் சுண்டெலி ஆய்வில் தெளிவானது.

மனிதருக்கு என்ன பயன்?

தானமாகப் பெற்ற உறுப்புகளைப் பாதுகாக்கும் விஸ்கான்சின் கரைசலில், இந்தச் சேதத்தைக் குறைப்பதற்கென அலோபியூரினாலும் குளூட்டாதயோனும் சேர்க்கப்பட்டுள்ளன. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓர் இளைஞருக்குத் தானமாகப் பெற்ற இரு கைகள் பொருத்தப்பட்டன. அத்தகைய அறுவைச் சிகிச்சையில் ரத்தமின்றித் தசை இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

விபத்து நேர்ந்தால்?

குளிரூட்டாத தசை சுமார் ஆறு மணி நேரமே தாங்கும். குளிர்ச்சி, ஏடிபி தீர்வதை மெதுவாக்குகிறது. எனவே காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, 108-ஐ அழையுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெடும்; தண்ணீரில் ஊறவும் விடாதீர்கள்.

அறுவடைக்கு முன்பே ஊராட்சிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதைச் சொல்லித்தர வேண்டும். விலங்குகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு களத்துமேட்டுக்கு வராமல் போவது அநியாயம்.