வாசிக்கும் நேரத்தில் பாட்டு வேண்டுமா?

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பின் நூலகப் பாடவேளையில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்து மெல்லிய திரைப்பாடல்களை ஓடவிட்டேன். வகுப்பில் சத்தம் அடங்கியது. எனக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து, வாசித்த கதையை நான்கு வரிகளில் எழுதச் சொன்னபோதுதான் உறைத்தது. சரளமாக வாசிப்பவர்கள் எப்படியோ எழுதிவிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் கதைமாந்தரின் பெயரைத் தாண்டவில்லை. அவர்களில் ஒரு மாணவி, "பாட்டு ஓடும்போது படிச்ச வரியையே திரும்பப் படிக்கிறேன் டீச்சர்" என்றாள். வகுப்பு அமைதியாக இருந்ததை வாசிப்பு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மனத்துக்குள் வாசிக்கும்போதும் நமக்குள் ஒரு குரல் ஒலிக்கிறது. தொடக்க வகுப்புக் குழந்தைகளின் உதடு அசைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குரல்தான் அது. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற பிரிட்டன் உளவியலாளர்கள் 1974இல் செயல்படு நினைவகம் பற்றி ஒரு விளக்கம் தந்தனர். அதன்படி, சொற்களின் ஒலியைச் சில விநாடிகள் ஏந்தி வைக்க மனத்தில் ஒரு சிறு இடம் இருக்கிறது. தமிழ் வாசிப்புக்கு இது மிகவும் வேண்டும். நம் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. யார், எதை, எங்கே என்பதையெல்லாம் அதுவரை கையில் பிடித்திருக்க வேண்டும். பாட்டின் சொற்களோ அனுமதி கேட்காமல் அதே இடத்துக்குள் நுழைகின்றன. சொல்லைப் பார்த்ததும் அறிந்துகொள்பவர் சமாளித்துவிடுவார். எழுத்தெழுத்தாகக் கூட்டுபவருக்கு அந்த இடம் முழுவதும் தேவைப்படுகிறது.

அப்படியானால் வாத்திய இசை வைக்கலாமே என்று தோன்றும். ஓரளவு சரி. ஆனால் பழகிய பாட்டை வீணையிலோ குழலிலோ வாசித்தால் சொற்களை நாமே போட்டுக்கொள்கிறோம். என் வகுப்பில் புல்லாங்குழலில் ஒரு திரைப்பாடல் ஒலித்தபோது கடைசி வரிசை முழுவதும் வாயசைத்தது! கீர்த்தனைக்கும் இதே கதைதான், சாகித்தியம் தெரிந்தவருக்கு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போன்ற இசைத்தொகுப்பைப் பின்னணியில் வைத்தால், என்னைப் பொறுத்தவரை, புத்தகம்தான் பின்னணிக்குப் போகும். அது உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை.

மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் கவனத்தை அதிகம் இழுக்கிறது. மின்விசிறியின் சத்தம் சற்று நேரத்தில் காதில் விழாமலே போய்விடும். அதனால், ஏதாவது ஒலி வேண்டும் என்றால் தம்புராவின் சுருதி, மழைச்சத்தம் போன்றவற்றைக் குறைந்த ஒலியில் வைக்கலாம். சுருதிப் பெட்டிச் செயலிகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன.

மோட்சார்ட் இசை கேட்டால் அறிவு வளருமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. 1993இல் வெளிவந்த அந்த ஆய்வு கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்யப்பட்டது. பத்து நிமிடம் இசை கேட்டபின், வடிவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் பார்க்கும் கணக்குகளில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்தது. வாசிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. இசை உற்சாகம் தந்ததால் வந்த பலன் அது என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் விளக்கினர். எனக்கு உதவியது வேறொரு விவரம்: அவர்கள் இசையைக் கேட்டது வேலைக்கு முன்னால்.

இப்போது நூலகப் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் மாணவர்கள் கேட்கும் பாட்டையே போடுகிறேன். புத்தகம் எடுப்பதும் இடம் பிடிப்பதும் அதற்குள் முடியும். பிறகு நிறுத்திவிடுகிறேன். வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது, நோட்டுக்கு அட்டை போடுவது போன்ற வேலைகளுக்குப் பாட்டு தாராளமாக ஓடட்டும்.

வரியைத் திரும்பப் படித்த அந்த மாணவியின் வீடு ஒரே அறை. இரவு பத்து மணி வரை தொலைக்காட்சித் தொடர். அதுவும் முழுக்கப் பேச்சுதான். அதனால் அவளைக் காலை வழிபாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே வரச் சொன்னேன். வாசிப்பு இயக்கத்தின் 'நட' நிலைப் புத்தகங்களை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாசிக்கிறாள். காக்கைச் சத்தம் தொந்தரவில்லையா என்று கேட்டேன். "அது என்ன சொல்லுதுன்னு புரியாதே டீச்சர்" என்றாள்.