கரணப் புறாவும் கைப்பிடித் தீனியும்

வானிற் கூட்டமாய்ப் பறக்கும் புறாக்களுள் ஒன்று திடீரெனப் பின்புறமாகக் கவிழ்ந்து, பந்துபோற் சுழன்று இறங்கி, மறுகணம் நிமிர்ந்து தன் கூட்டத்தை நாடி மேலெழுவதைக் காண்போர், அதனைப் பழக்கியவனின் திறனை மெச்சுவர். பழக்கியவர் எவருமிலர். கரணமிடுவதை ஒருபோதும் கண்டிராத குஞ்சும் கரணமிடுகின்றது என்று டார்வின் 1859இல் தம் நூலிலே எழுதினார். அது பிறவிக் குணம். வளர்ப்பவன் கையில் உள்ளவை இரண்டே: இணை சேர்த்தலும் தீனியளவும்.

அக்பர் பாதுஷா இவ்விளையாட்டுக்கு ‘இஷ்க்பாஸி’ எனப் பெயரிட்டார். அவரிடம் 20,000க்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், பறக்கும் புறாக்களுக்குத் தனிச் சிறுதானியமும் ஏனையவற்றுக்குக் கலப்புத் தானியமும் இடப்பட்டன என்றும் அபுல் ஃபஸ்ல் எழுதிவைத்தார். ஓர் அரசவை வரலாற்றாசிரியர் புறாத்தீனியைக் குறித்துவைத்தது எனக்கு வியப்பன்று. கொழுத்த புறா விண்ணில் எட்டாத உயரம் ஏறிக் கரணத்தைக் குறைத்துக்கொள்ளும்; பட்டினி கிடந்ததோ சுழற்சியை நிறுத்த வலுவின்றி விழும். ஆதலின் நாளொன்றுக்கு ஒரு வேளை, பறந்து இறங்கியபின், அளந்தே இடவேண்டும். கல்முனைக்கு மேற்கே வயல்கள் விரிந்துள்ளமையால் நம்மவர் கை நெல்லுக்கே போகும். நெல்லோடு சோளமும் குரக்கனும் சிறிது பயறும் கலத்தல் நன்று. இறகுதிர் காலத்திற் பயறு கூடவேண்டும்.

நம்மூர்ப் பெரியோர் புறா விளையாட்டைப் பழித்தமைக்குப் பந்தயமும், கூரையேறி அயல்வீட்டு முற்றத்தை நோட்டமிடுவதும் காரணங்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. எனினும் அவற்றினும் வலிய நியாயம் ஒன்றுண்டு. நீளச் சுழலும் சேவலையும் நீளச் சுழலும் பேட்டையுமே தலைமுறைதோறும் இணைப்பவர், நிறுத்தவே அறியாத குஞ்சுகளைப் பெறுகின்றனர். அவை கூரையில் மோதி மடிகின்றன. சேவல் அப்படியாயின், நிதானமாய்ச் சுழலும் பேட்டையையே அதற்குத் தேடவேண்டும். ஆழமான கரணம் வேண்டித் தீனியைக் குறைப்பவரும் உளர். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணின் கதி மதரசாச் சிறுவனும் அறிந்ததன்றோ!

கச்சான் மூண்ட நாளிற் கூட்டைத் திறவாதிருத்தலே நலம். மேற்கிலிருந்து வீசும் அக்காற்று, சுழன்று களைத்த பறவையைக் கடல்மேல் தள்ளிவிடும்.